ஐரிஸில் நீர்க்கட்டி: அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோருக்கும் உடன் செல்வோருக்கும் ஒரு வழிகாட்டி

கண்ணின் முன்புறம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் கார்னியாவுக்குப் பின்னால், நிறத்தோடு வட்டமாகத் தெரியும் படலமே ஐரிஸ். அதன் நடுவிலுள்ள துளை கண்மணி. இந்தப் படலத்துக்குள்ளோ, அதன் பின்புறத்துக் கறுப்புத் தோலிலோ நீர் நிறைந்த மெல்லிய பை ஒன்று உருவானால் அதை ஐரிஸ் நீர்க்கட்டி என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கத்தியும் ஊசியும் தேவையே இல்லை. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்துவிடும். எஞ்சிய சில கட்டிகள் மட்டும் பெருத்துக்கொண்டே போய்க் கார்னியாவைத் தொட்டு, கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, பார்வையைப் பறித்துவிடும். ஒருவருக்கு வந்திருப்பது இவற்றில் எது என்பதைக் கட்டியின் அளவை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதன் உட்சுவரில் இருக்கும் செல்கள் எங்கிருந்து வந்தவை என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அது தெரிவதற்கு முன் கட்டியைக் குத்தி நீரை எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும், அதற்கு உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே இந்த வழிகாட்டியின் முதல் அறிவுரை.

பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும், அதாவது வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கோவைக்கும் போகலாம், அங்கமாலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகலாம் என்பது இங்குள்ளவர்களுக்கு வாய்த்த வசதி. காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது, மருந்துச் சீட்டு எந்த மொழியில் இருக்கிறது என்பவை இங்குள்ளவர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல்கள்.

கட்டி எங்கிருந்து வந்தது

பிறவியிலேயோ, காரணம் தெரியாமல் தானாகவோ தோன்றுவனவற்றை முதன்மைக் கட்டிகள் என்றும், காயம், அறுவை, மருந்து போன்ற ஒரு காரணத்தின் விளைவாகத் தோன்றுவனவற்றை இரண்டாம் நிலைக் கட்டிகள் என்றும் மருத்துவர்கள் பிரிப்பார்கள்.

முதன்மைக் கட்டிகளில் மிகுதியாகக் காணப்படுபவை ஐரிஸின் பின்புறக் கறுப்புத் தோலில் எழுபவை. படலத்தின் ஓரத்தில், கண்ணின் வெள்ளைப் பகுதியை ஒட்டி மறைந்திருப்பதால், வேறு ஏதோ காரணத்துக்காகக் கண் பரிசோதனைக்குப் போகும்போது தற்செயலாகவே இவை தென்படும். இவை அனேகமாக வளர்வதில்லை. ஆகவே கவனித்துக்கொண்டிருந்தால் போதும். பல கட்டிகள் சேர்ந்து ஐரிஸை முன்னோக்கித் தள்ளி, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணத்தை அடைத்தால் மட்டுமே லேசர் முதலிய சிகிச்சை தேவைப்படும். கண்மணியின் விளிம்பில் எழும் கட்டிகளைப் பற்றி மட்டும் இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும்: இரு கண்களிலும் கண்மணி விளிம்பில் கொத்தாகக் கட்டிகள் இருந்து, குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று நெஞ்சுவலி வந்து இறந்தவர்கள் இருந்தால், அதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த விளிம்புக் கட்டிகளுக்கும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி பலவீனமாகி வீங்கிக் கிழியும் பரம்பரை நோய்க்கும் தொடர்பு உண்டு. அத்தகைய குடும்பத்தினர் கண்ணுக்குச் சிகிச்சை பெறுவதைவிட இதயத்துக்கு எக்கோ பரிசோதனை செய்துகொள்வதே முதலில் செய்ய வேண்டியது.

ஐரிஸின் சதைப் பகுதிக்குள்ளேயே எழும் கட்டிகள் இவற்றுக்கு நேர்மாறானவை. குழந்தைகளிடம் காணப்படும் இவற்றின் உட்சுவர், கண்ணின் மேற்பரப்பில் இருக்கும் தோலைப் போன்றது. சளி சுரக்கும் செல்களும் அதில் உண்டு. சுரப்பு நிற்காததால் கட்டி பெருத்துக்கொண்டே போகும். எடுத்த பின்னும் திரும்ப வரும் இயல்பு இவற்றுக்கு உண்டு என்பதைப் பெற்றோர் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நம் பகுதியில் அதிகம் கவலைப்பட வேண்டியவை காயத்துக்குப் பின் வருபவை. தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஊர்களில் பிள்ளைகள் ஈர்க்குச்சியை வளைத்து வில்லும் அம்பும் செய்து விளையாடுவார்கள். அம்பு கண்ணில் பட்டால் கார்னியாவைத் துளைத்துவிடும். தேங்காய் உரிக்கும்போது தெறிக்கும் துண்டு, கரும்புத் தோகையின் முனை, சுத்தியல் அடிக்கும்போது பறக்கும் இரும்புத் துணுக்கு ஆகியவையும் அவ்வாறே. துளை ஆறிவிடும், கண் சிவப்பும் தணிந்துவிடும். ஆனால் துளைத்த பொருளோடு சேர்ந்து கார்னியாவின் மேற்தோல் செல்கள் சில கண்ணுக்குள் போயிருந்தால், அவை ஐரிஸின் மேல் ஒட்டி வளர்ந்து, மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ முத்துப் போன்ற வெண்மையான அல்லது ஒளி ஊடுருவும் கட்டியாக வெளிப்படும். கண்புரை அறுவை, கார்னியா மாற்று அறுவை ஆகியவற்றுக்குப் பின்பும், தையல் வாய் சரியாக மூடாத கண்களில், இப்படி நேரலாம். எனவே பழைய காயமோ அறுவையோ இருந்தால், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அது மருத்துவரின் குறிப்பில் ஏறியாக வேண்டும். சிறு வயதில் குச்சி குத்தியதைப் பெரியவர்கள் மறந்திருப்பார்கள். அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் க்ளாகோமா நோய்க்குப் போடும் சில சொட்டு மருந்துகளாலும் அரிதாகக் கட்டிகள் வருவதுண்டு. மருந்தை மாற்றினால் அவை சுருங்கும். போட்டுவரும் எல்லா மருந்துப் புட்டிகளையும் கையில் எடுத்துச் செல்லச் சொல்வது இதற்காகவும்தான்.

எப்போது அறுவை தேவை

கட்டி இருக்கிறது என்பது மட்டுமே அறுவைக்குக் காரணம் ஆகாது. அது கண்மணியை மறைத்துப் பார்வையை மங்கச் செய்தாலோ, கார்னியாவின் உட்புறத்தைத் தொட்டு உரசினாலோ, கண்ணின் அழுத்தத்தை ஏற்றினாலோ, உள்ளே அடிக்கடி அழற்சியை உண்டாக்கினாலோ, லென்ஸை அழுத்திக் கண்புரையை வரவழைத்தாலோ, பரிசோதனைக்குப் பரிசோதனை பெருத்துக்கொண்டே வந்தாலோ தலையிட வேண்டும். கார்னியாவின் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் எண்டோதீலியம் என்னும் செல்கள் அழிந்தால் புதிதாக முளைப்பதில்லை. வளர்ந்தவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 என்ற அளவில் இருக்கும் இச்செல்கள் வெகுவாகக் குறைந்தால் கார்னியா நீர்கோத்து வெளுத்துவிடும். பிறகு கட்டியை எடுத்தாலும் பார்வைக்குக் கார்னியா மாற்று அறுவையை நாட வேண்டிவரும். உரசல் தொடங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடுவது எவ்விதத்திலும் புத்திசாலித்தனம் அன்று.

குழந்தைகளுக்கு இன்னோர் அவசரமும் உண்டு. ஏறக்குறைய ஏழு, எட்டு வயது வரை மூளை பார்வையைப் பழகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் கட்டி ஒரு கண்மணியை மறைத்தால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்லப்படும் இந்நிலை வந்தபின் கட்டியை எவ்வளவு நேர்த்தியாக எடுத்தாலும் பார்வை தானாகத் திரும்பாது. நல்ல கண்ணை மூடி, பலவீனமான கண்ணைப் பழக்கும் பயிற்சியை அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும். குழந்தை சரியாகப் பார்க்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி: ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், ஒரு கண்ணை மூடும்போது சும்மா இருந்து, மற்றக் கண்ணை மூடும்போது கையைத் தட்டிவிட்டு அழுதால், அப்போது திறந்திருக்கும் கண்ணில் பார்வை குறைவு என்று பொருள்.

அறுவைக்கு முந்தைய பரிசோதனைகள்

முதலில் ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியின் முன் தாடையை வைத்து உட்கார வைப்பார்கள். அதன் மெல்லிய ஒளிக்கீற்றைக் கட்டியின் மேல் பாய்ச்சும்போது, நீர்க்கட்டியாக இருந்தால் ஒளி ஊடுருவிச் செல்லும்; திடமான கட்டியாக இருந்தால் தடுத்து நிறுத்தும். இது சிறிய வேலையாகத் தோன்றினாலும் புற்றுநோய்க் கட்டியா என்ற ஐயத்தை நீக்குவதில் முதற்படி இதுதான். எனினும் பின்புறக் கறுப்புத் தோலில் எழும் கட்டியின் சுவர் கருமையாக இருப்பதால் ஒளி சரிவர ஊடுருவாது, அங்கேதான் யூ.பி.எம். என்னும் ஒலியலைக் கருவி தேவைப்படுகிறது.

கனடாவின் டொராண்டோவில் சார்லஸ் பாவ்லினும் ஸ்டூவர்ட் ஃபாஸ்டரும் வளர்த்தெடுத்த இந்தக் கருவி, 50 மெகாஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண் ஒலியைக் கொண்டு ஐரிஸின் பின்புறத்தைப் படமெடுக்கிறது. படுக்க வைத்து, உணர்விழக்கச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, இமைகளுக்கு இடையே சிறு கிண்ணம் ஒன்றைப் பொருத்தி, அதில் நீர்மத்தை ஊற்றி, அதற்குள் கருவியின் முனையை இறக்குவார்கள். வலி இருக்காது, கண்ணுக்குள் குளிர்ந்த நீர் தேங்கி நிற்கும் உணர்வு மட்டும் இருக்கும். இமைக்காமல், அவர்கள் காட்டும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். படத்தில் மெல்லிய சுவரும் உள்ளே வெறும் கருமையும் தெரிந்தால் அது நீர்க்கட்டி. உள்ளே சாம்பல் நிறத்தில் நிரம்பியிருந்தால் திடக்கட்டி. ஐரிஸின் முன்பகுதியில் இருக்கும் கட்டிக்கு, ஒளியைக் கொண்டு எடுக்கும் ஓ.சி.டி. படமே போதும். அதற்குக் கண்ணைத் தொடவேண்டிய தேவைகூட இல்லை. ஆனால் ஐரிஸின் கறுப்புப் படலத்தைத் தாண்டி ஓ.சி.டி.யின் ஒளி போகாது என்பதால், கட்டி, ஐரிஸுக்குப் பின்னால் வளையமாக இருக்கும் சிலியரித் தசை வரை பரவியிருக்கிறதா என்பதை அது காட்டாது. இவ்விரண்டில் எதை எடுத்திருக்கிறார்கள், கட்டியின் பின் எல்லை தெரிகிறதா என்று கேட்டு வையுங்கள். பின் எல்லை தெரியாமல் அறுவைக்கு நாள் குறிப்பது சரியன்று என்பது என் கருத்து.

இவற்றோடு கண் அழுத்தம் பார்ப்பார்கள். பாதரச மில்லிமீட்டர் கணக்கில் 10 முதல் 21 வரை இயல்பு. சிறு கண்ணாடி ஒன்றைக் கண்ணில் வைத்து நீர் வடியும் கோணத்தைப் பார்ப்பார்கள். எண்டோதீலிய செல்களை எண்ணுவார்கள். கண்ணைப் புகைப்படமும் எடுப்பார்கள். அந்தப் படத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம். பின்னாளில் கட்டி வளர்ந்ததா, திரும்ப வந்ததா என்று ஒப்பிட அதைவிட நல்ல ஆவணம் இல்லை; வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் அது உதவும்.

எந்த முறை, யாருக்கு

லேசர் கொண்டு கட்டியின் சுவரில் துளையிட்டு நீரை வடியவிடும் முறை, பின்புறக் கறுப்புத் தோலிலிருந்து எழுந்து கண்மணியை மறைக்கும் கட்டிகளுக்குப் பொருந்தும். அவற்றின் நீர் வெளியே சிந்தினாலும் தீங்கு குறைவு. அழற்சியும் அழுத்த ஏற்றமும் வரலாம். அவற்றுக்குச் சொட்டு மருந்து போதும். காயத்துக்குப் பின் வந்த, மேற்தோல் செல்களால் ஆன கட்டியில் அதே லேசரைப் பாய்ச்சுவது வேறு கதை. உள்ளே ஒரு பைக்குள் அடங்கியிருந்த செல்கள் வெளியே சிதறி, கண்ணின் உட்புறமெங்கும், கார்னியாவின் பின்புறத்திலும் நீர் வடியும் கோணத்திலும், போர்வை போலப் படர்ந்துவிடலாம். பையாக இருக்கும்வரை வெட்டி எடுக்க முடியும். போர்வையாகப் படர்ந்தபின் எடுப்பது மிகக் கடினம். இந்த ஒரு காரணத்தினால்தான் கட்டியின் பிறப்பைத் தெரிந்துகொள்ளாமல் ஊசியோ லேசரோ தொடக்கூடாது என்று மேலே சொன்னேன்.

குத்தி நீரை மட்டும் எடுத்துவிடும் முறையில் கட்டி அன்றைக்குச் சுருங்கும். சுவர் அப்படியே இருப்பதால் மறுபடி நிறையும். அதனால் நீரை எடுத்த பின் அந்தச் சுவரின் செல்களை அழிக்கும் ஒரு மருந்தை உள்ளே செலுத்தும் முறை வளர்ந்தது. தூய ஆல்கஹாலைக் கொண்டு செய்யப்படும் இம்முறையை அமெரிக்கக் கண் புற்றுநோய் மருத்துவர்களான ஜெர்ரி ஷீல்ட்ஸ், கரோல் ஷீல்ட்ஸ் தம்பதியர் குழுவினர் பெரிதும் கையாண்டிருக்கின்றனர். அறுவை நுண்ணோக்கியின் கீழ், கார்னியாவின் ஓரம் வழியாக 30 கேஜ் அளவுள்ள மயிரிழை ஊசியைக் கட்டிக்குள் நுழைப்பார்கள். ஊசியின் மறுமுனை மூன்று வழி அடைப்பான் ஒன்றோடு இணைக்கப்பட்டிருக்கும். அதில் இரண்டு சிரிஞ்சுகள். ஒன்றால் நீரை உறிஞ்சியதும் கட்டி தளர்ந்து சுருங்கும். ஊசியை அசைக்காமல் அடைப்பானைத் திருப்பி, மற்றொன்றால், எடுத்த நீரின் அளவைவிடச் சற்றுக் குறைவாக ஆல்கஹாலைச் செலுத்துவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருந்து, அதை முழுவதும் திரும்ப உறிஞ்சிவிடுவார்கள். ஒரு துளி கட்டிக்கு வெளியே கசிந்தாலும் எண்டோதீலியத்தைக் கருக்கிவிடும் என்பதால், ஊசி கட்டிக்குள்ளிருந்து நழுவாமல் இருப்பதே இதில் முழுத் திறமை. ஆல்கஹாலுக்குப் பதிலாக மைட்டோமைசின், 5-ஃப்ளூரோயுராசில் ஆகிய செல்வளர்ச்சித் தடை மருந்துகளைச் செலுத்துவோரும் உண்டு. ஐரிஸை வெட்ட வேண்டியதில்லை, தழும்பு இல்லை, குழந்தைகளுக்குத் தேவையானால் மீண்டும் செய்யலாம் என்பவை இம்முறையின் நன்மைகள். கட்டி நன்கு மூடிய பையாக, ஊசி நுழையப் போதிய அளவுள்ளதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெட்டுவதற்கு முன் இதைச் செய்து பார்க்க இயலுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வியே.

வெட்டி எடுக்கும் அறுவையில், கார்னியாவின் ஓரத்தில் சிறு திறப்பு செய்து, விஸ்கோ எனப்படும் கெட்டியான கூழை உள்ளே செலுத்தி, கட்டியைக் கார்னியாவிலிருந்தும் லென்ஸிலிருந்தும் மெல்லப் பிரிப்பார்கள். அந்தக் கூழ் இரு வேலைகளைச் செய்கிறது: இடத்தை உண்டாக்குகிறது, எண்டோதீலியத்துக்குக் கவசமாகவும் நிற்கிறது. பிறகு கட்டியை, அது ஒட்டியிருக்கும் ஐரிஸ் துண்டோடு சேர்த்து வெட்டி எடுப்பார்கள். கட்டி சிலியரித் தசைக்குள்ளும் சென்றிருந்தால் அந்தப் பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். மேற்தோல் செல்கள் கார்னியாவிலும் ஒட்டிவிட்ட கண்களில், கார்னியா, கண்ணின் வெள்ளைச் சுவர், ஐரிஸ், சிலியரித் தசை ஆகியவற்றை ஒரே துண்டமாக எடுத்து, தானமாகப் பெற்ற கண்ணின் துண்டை அங்கே பொருத்தித் தைக்கும் பெரிய அறுவையை ஜெர்மனியின் கண் மருத்துவர் கோட்ஃபிரீட் நௌமன் செய்து காட்டினார். மறுவருகையைத் தடுப்பதில் அது வலிமையானது. கண்ணுக்கு ஏற்படும் பாதிப்பும் பெரியது. எல்லோருக்கும் அது தேவைப்படாது.

ஐரிஸில் ஒரு துண்டை எடுத்தால் கண்மணி சாவித்துளை வடிவம் கொள்ளும். வெளிச்சம் கூடுதலாகப் புகுந்து கூசும். எஞ்சிய ஐரிஸின் இரு விளிம்புகளையும் இழுத்துத் தைக்க இடமிருந்தால், 10-0 என்னும் மிக மெல்லிய பாலிப்ரொப்பிலீன் இழையால் தைத்து வட்டமாக்குவார்கள். 1976-இல் கண் மருத்துவர் மெக்கேனல் சொன்ன தையலும், பின்னர் சீப்சர் என்னும் மருத்துவர் கொண்டுவந்த நழுவு முடிச்சும், சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அமர் அகர்வாலும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட, ஒரே முறை ஊசியைச் செலுத்தி நான்கு சுற்றுப் போடும் தையலும் இதற்குப் பயன்படுகின்றன. தையலை அதே நாளில் போடுவார்களா, கட்டி திரும்பவில்லை என்று உறுதியான பிறகு போடுவார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எடுத்த திசு எதுவாக இருந்தாலும் நோயியல் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். கட்டியின் சுவர் எப்படிப்பட்டது என்று திட்டவட்டமாகச் சொல்லக்கூடியது அந்த அறிக்கை ஒன்றே. மறுவருகைக்கான வாய்ப்பும் அதை வைத்தே கணிக்கப்படும். சில நாட்கள் கழித்து வரும் அறிக்கையை வாங்காமல் விட்டுவிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கே செல்வது, எதை எடுத்துச் செல்வது

இது எல்லாக் கண் மருத்துவமனைகளிலும் அன்றாடம் நடக்கும் அறுவை அன்று. முன்கண் பிரிவும், கண் கட்டிகளுக்கான தனிப் பிரிவும், யூ.பி.எம். கருவியும் ஒரே இடத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோவையில் அரவிந்த், சங்கரா ஆகிய கண் மருத்துவமனைகள் நமக்குப் பக்கம். கேரளத்தில் அங்கமாலி லிட்டில் ஃபிளவர் மருத்துவமனையும் திருவனந்தபுரத்திலுள்ள அரசு மண்டலக் கண் மருத்துவ நிலையமும் அறியப்பட்டவை. எங்கே போனாலும், இதுபோன்ற கட்டிகளுக்கு அங்கே அறுவை செய்கிறார்களா என்று தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்வது ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டமும் தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகின்றன. ஆனால் இரண்டும் அந்தந்த மாநிலத்துக் குடும்பங்களுக்கானவை. கொழிஞ்சாம்பாறையில் ரேஷன் கார்டு வைத்திருப்பவர் கோவையில் அட்டையை நீட்டினால் உடனே செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் பெயர் இருந்தால் மாநில எல்லையைத் தாண்டியும் பயன்படுத்த வழி உண்டு. அதுவும் அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, இந்த அறுவைக்கு அனுமதி கிடைக்குமா என்பதைப் பொறுத்தது. அறுவைக்கு நாள் வாங்குவதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் விசாரித்து, முன் அனுமதி கிடைத்ததா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா இருப்பவர்கள் அந்த மருந்துச் சீட்டுகளைக் கொண்டுபோக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்தக் கூடாது. கண் மருத்துவரிடம் சொல்லி, இதய மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களுக்குக் கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். குழந்தைகளுக்கு முழு மயக்கம் தேவை. மயக்க மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து பாலோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. பிள்ளை அழுகிறதே என்று மறைவாக இரண்டு வாய் கொடுத்துவிட்டால், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறுவை வேறு நேரத்துக்கு மாறும், அவ்வளவுதான்.

வீடு திரும்பிய பின்

மறுநாள் காலை கட்டைப் பிரித்து, கண் அழுத்தம் பார்த்த பிறகே பெரும்பாலும் அனுப்புவார்கள். சொட்டு மருந்துகள் மூன்று வகையாக இருக்கும்: கிருமியைத் தடுப்பது, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு, கண்மணியை விரித்து வைப்பது. ஸ்டீராய்டாகக் கொடுக்கப்படும் பிரட்னிசலோன் அசிட்டேட் பால் போல வெளுத்திருக்கும். மருந்து அடியில் படிந்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி விட வேண்டும். குலுக்காமல் விட்டால் தண்ணீரை விட்டது மாதிரிதான். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து நிமிடமாவது விடுங்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் அட்டவணையைச் சரியாகப் பின்பற்றுங்கள். கண் சிவப்பு போய்விட்டது என்று பாதியில் நிறுத்தினால் அழற்சி திரும்பும், நன்றாக இருக்கிறது என்று சொந்தமாக மருந்துக் கடையில் வாங்கி நீட்டித்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பழுதாகும்.

கேரள மருத்துவமனைகளில் மருந்து அட்டவணை மலையாளத்தில் இருக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து குழம்புவார்கள். புட்டியின் மூடி நிறத்தையும் நேரத்தையும் செவிலியர் சொல்லச் சொல்லத் தமிழில் ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டிவிடுவதே எளிய வழி.

பல வீடுகளில் இளநீர்க் குழம்பு என்னும் ஆயுர்வேதக் கண் மருந்து இருக்கும். கண் எரிச்சலுக்கு அதை இடுவது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். அதன் நன்மை தீமையை விவாதிக்க இது இடம் அன்று. அறுவை செய்த கண்ணில் மட்டும், மருத்துவர் அனுமதிக்கும்வரை, அதையோ நந்தியாவட்டைச் சாற்றையோ தாய்ப்பாலையோ விளக்கெண்ணெயையோ விடவே கூடாது. ஆறாத திறப்பின் வழியே கிருமி புகுந்தால் கண்ணையே இழக்க நேரிடும். தலைக்குக் குளிப்பதும் எண்ணெய்க் குளியலும் குளத்தில் இறங்குவதும் மருத்துவர் சொல்லும் நாள்வரை வேண்டாம். கழுத்துக்குக் கீழே குளித்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். இரவில் கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைக்கும். அந்த நாட்களில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போவதைத் தவிர்த்து, வெளியே போனால் பக்கங்களையும் மூடும் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். ஐரிஸில் துண்டு எடுக்கப்பட்டவர்களுக்கு வெயில் கூச்சத்துக்கும் அந்தக் கண்ணாடியே துணை. அறுவையின்போது கண்ணுக்குள் வாயு நிரப்பியிருப்பதாகச் சொன்னால், அது கரையும்வரை நெல்லியாம்பதி, வால்பாறை போன்ற உயரமான இடங்களுக்கு ஏறக் கூடாது. உயரம் கூடக்கூட வாயு விரிந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

வலி கூடுதல், பார்வை முன்பிருந்ததைவிட மங்குதல், சிவப்பு அதிகமாதல், சீழ், விளக்கைச் சுற்றி வண்ண வளையம், கண்வலியோடு வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே போக வேண்டும். இரவானாலும் சரி. அறுவை செய்த மருத்துவமனை தொலைவாக இருந்தால், அருகிலுள்ள கண் மருத்துவரிடம் விடுவிப்புச் சுருக்கத்தை (டிஸ்சார்ஜ் சம்மரி) காட்டி முதல் உதவி பெற்றுக்கொண்டு புறப்படுங்கள்.

பொதுவாக ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று வரச் சொல்லி, அதன்பின் ஆண்டுக்கொரு முறை பார்ப்பார்கள். மேற்தோல் செல்களால் ஆன கட்டிகளும் குழந்தைகளின் சதைப் பகுதிக் கட்டிகளும் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பலாம். அப்படித் திரும்புவது அறுவை செய்தவரின் குறையாக இருக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் எஞ்சியிருந்தாலே போதும். சிறியதாக இருக்கும்போதே கண்டால் ஊசி முறையிலேயே அடக்கிவிட வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அறுவைக்கு முந்தைய புகைப்படம், யூ.பி.எம். படம், நோயியல் அறிக்கை, எண்டோதீலிய எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள். எண்டோதீலிய எண்ணிக்கை சென்ற முறையைவிடக் குறைந்திருந்தால், கட்டி வெளியே தெரியாவிட்டாலும், யூ.பி.எம். மீண்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.